ஆண் எலிகள்

"சீப்பைக் கீழ வை."

மாமியார் குரலை உயர்த்தவில்லை. அந்த வீட்டில் எல்லோரும் பயந்தது உயராத அந்தக் குரலுக்குத்தான். குழந்தையின் கூந்தலை மூன்றாகப் பிரித்துப் பின்னிக்கொண்டிருந்த இளைய மருமகளின் கை பாதிப் பின்னலில் நின்றது.

"பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு அத்தை. இன்னும் ஒரு பக்கம்தான் பாக்கி."

"நேரமானா ஆகட்டும். அவ அம்மா பின்னட்டும், இல்லன்னா நான் பின்னுறேன். வயிறு திறக்காதவ கை வளர்ற பிள்ளை தலையில தினமும் படணுமா?"

மூத்த மருமகள் வேலைக்குக் கிளம்பி, காலில் செருப்பை மாட்டியபடி வாசலில் நின்றிருந்தாள். குழந்தை அவள் பெற்றது. ஆனால் பெற்றதோடு சரி. காலையில் எழுப்புவது, குளிப்பாட்டுவது, அழ அழ ஊட்டுவது, ஜுரத்தில் மடியில் போட்டுக்கொண்டு உட்காருவது எல்லாம் அந்தச் சித்திதான்.

"அவளே பின்னட்டும் அத்தை. எனக்கு இந்தப் பின்னல் வராது" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள் மூத்தவள். எதையும் சிரித்துச் சொன்னால்தான் அந்த வீட்டில் எடுபடும்.

அன்றைக்கு எடுபடவில்லை. "உனக்கு வேற என்னதான் வரும்? படிச்ச படிப்பெல்லாம் விஷத்தை மோந்து பாக்கத்தானே ஆச்சு" என்று மாமியார் சீப்பைப் பிடுங்கிக்கொண்டாள். குழந்தை பாட்டி முகத்தையும் சித்தி முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது. இளையவள் அடுப்படிக்குள் போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. பாத்திரம் துலக்கும் சத்தம் மட்டும் கேட்கவே இல்லை.

மாமியாரைக் கொடுமைக்காரி என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட முடியாது. கணவர் கண்மூடிய பிறகு தையல் மிஷினை மிதித்தே இரண்டு பிள்ளைகளையும் ஆளாக்கியவள். பெரியவன் ஓர் அச்சகத்தில் மேற்பார்வையாளன். சின்னவன் ரசாயன ஆலையில், டிரம் நிரப்பும் ஷெட்டில் முதல் ஆள். தோளும் மார்புமாக நிற்பான். நிறைந்த டிரம்மை ஒற்றைக் கையால் சாய்த்து உருட்டுவான். அவனுக்குக் கல்யாணமாகி ஐந்து வருஷம் ஆகியும் இளையவள் வயிற்றில் ஒரு புழு பூச்சி தங்கவில்லை. மாமியார் அவளை மூன்று டாக்டர்களிடம் இழுத்துக்கொண்டு போனாள். மூன்று பேரும் ஒன்றையே சொன்னார்கள். "இந்தப் பொண்ணுக்கு ஒரு குறையும் இல்ல. வீட்டுக்காரரை வரச் சொல்லுங்க." முதல் பாதியை மாமியார் நம்பவில்லை. இரண்டாவது பாதியைக் காதிலேயே வாங்கவில்லை.

"குறையில்லன்னா குழந்தை எங்க? மலை மாதிரி நிக்கிறான் என் பிள்ளை. அவனையா கொண்டுபோய் டாக்டர் முன்னாடி நிறுத்துறது?" என்று கேட்பாள். தெருவில் அதற்கு எதிர்ப்பேச்சு கிடையாது. காய்க்காவிட்டால் மரத்தைத்தான் குறை சொல்வார்கள். மண்ணை யாரும் தோண்டிப் பார்ப்பதில்லை.

மூத்தவளும் அதே ஆலையில்தான் வேலை பார்த்தாள். ஷெட்டில் அல்ல, மாடியில், பாதுகாப்புப் பிரிவில். ஆலை செய்கிற ஒவ்வொரு சரக்கும் மனிதனை என்ன செய்யும் என்று வகை பிரிப்பது அவள் வேலை. தீப்பிடிக்குமா, கண்ணைக் கெடுக்குமா, மூச்சோடு உள்ளே போனால் எந்த உறுப்பைத் தின்னும், புற்று வைக்குமா, பிள்ளைப்பேற்றைக் கெடுக்குமா என்று ஆய்வுக்கூடத்திலிருந்து வரும் முடிவுகளைப் படிப்பாள். விதிகளோடு ஒப்பிட்டு, இது இன்ன கேடு, அதில் இத்தனாவது வகை என்று முடிவு செய்வாள். எந்த எச்சரிக்கைப் படம் போடுவது, எந்த வரி எழுதுவது என்று தீர்மானித்து லேபிளுக்கு அனுப்புவாள். மாமியார் இதற்கு வைத்திருந்த பெயர்தான் 'விஷத்தை மோந்து பாக்குறது'.

ஆலையில் அதிகம் ஓடுகிற சரக்கு ஒரு கரைப்பான். பெயின்ட் செய்கிறவர்கள் வாங்குவார்கள். அதன் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும் என்பதால் ஷெட்காரர்கள் அதைத் 'தேன்தண்ணி' என்றார்கள். லேசான மஞ்சள் நிறம், லேசான இனிப்பு வாசனை. வருஷக்கணக்காக அந்த டிரம்மில் ஒரே வரிதான் இருந்தது: 'கண்ணுக்கும் தோலுக்கும் எரிச்சல் தரும்.' அந்த எரிச்சலையும் யாரும் பொருட்படுத்தியதில்லை. சின்னவன் சாப்பாட்டு மணி அடித்தால் கையில் ஒட்டிய பிசினைத் தேன்தண்ணியால் துடைத்துக்கொண்டுதான் சாப்பிட உட்காருவான்.

அந்த வருஷம் கடல் கடந்து சரக்கு வாங்குகிறவர்கள் புதிதாக ஒன்று கேட்டார்கள். எல்லாச் சரக்கையும் முறையாகச் சோதித்து, மறுபடி வகைப்படுத்தி அனுப்ப வேண்டும் என்றார்கள். தேன்தண்ணியும் ஆய்வுக்கூடத்துக்குப் போனது. மாதங்கள் கழித்து முடிவு வந்தது. ஒரு முற்பகலில் மூத்தவள் அதை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

பெண் எலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தேன்தண்ணியின் ஆவியை மாதக்கணக்கில் சுவாசித்த பெண் எலிகள், நல்ல ஆண் எலிகளோடு சேர்ந்து வழக்கம்போல் குட்டி போட்டன. ஆண் எலிகள்தான் கெட்டுப்போயின. எடை குறையவில்லை, ரோமம் உதிரவில்லை, ஓடியாடித் திரிந்தன. பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது. அறுத்துப் பார்த்தபோது விதைகள் சுருங்கிக் கிடந்தன. விந்தணு அநேகமாக இல்லை. அவற்றோடு விடப்பட்ட பெண் எலிகள் சினைப்படவே இல்லை.

அவள் இரண்டாம் தடவை படித்தாள். பிறகு படிப்பதை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தாள். ஷெட்டின் தகரக் கூரை வெயிலில் பளபளத்தது. உள்ளே இருப்பவர்கள் ஒவ்வொருவராக மனதில் வந்தார்கள். 'மீசை' என்று கூப்பிடப்படுகிறவர் இரண்டு தாரம் கட்டியவர். இரண்டிலும் பிள்ளை இல்லை. லாரியில் சரக்கு ஏற்றுகிறவனின் மனைவி பூச்சிமருந்தைக் குடித்துப் பிழைத்தாள். மலடி என்று யாரோ சொன்னார்களாம். மூடி இறுக்குகிற ஒல்லிக்காரனுக்கு ஷெட்டுக்கு வருவதற்கு முன் பிறந்த பையன் ஒருவன் உண்டு. வந்த பிறகு ஒன்றும் இல்லை. 'ஷெட்டுக்குப் போனவன் வீட்ல தொட்டில் ஆடாது' என்று கேன்டீனில் ஒரு கேலி உண்டு. ராப்பகலாக வேலை செய்தால் வீட்டில் தூங்கத்தானே முடியும் என்று சிரிப்பார்கள். அவளும் அதற்குச் சிரித்திருக்கிறாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் இளையவளைத் துணி காயப்போடும் மாடிக்குக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டால் குதிப்பாள், அழுவாள், தன் மேல் விழுந்த பழி நீங்கியதென்று கட்டிக்கொள்வாள் என்று நினைத்திருந்தாள். இளையவள் கணவனின் ஷெட் சட்டையை உதறி, கொடியில் போட்டு, கிளிப் மாட்டினாள்.

"அவர்கிட்ட சொல்லிடாதீங்கக்கா."

"பைத்தியமாடி நீ? யார் குத்தத்துக்கு யார் பேச்சு வாங்குறது?"

"என்னைத் திட்டினா அடுப்படியில போய் அழுதுட்டு வந்துடுவேன். பழகிடுச்சு. அவர் எங்க போய் அழுவார்? ஷெட்ல நாலு பேர் மத்தியில தலை நிமிர்ந்து நிக்கிறதுதான் அவருக்கு எல்லாமே."

மூத்தவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. இவள் மேல் கோபப்பட்டு என்ன செய்வது என்று அதை விழுங்கினாள். கணவனிடம் சொன்னாள். அவன் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "தம்பிகிட்ட இதை எந்த வாயால சொல்றது? அம்மா காதுல விழுந்தா வீடு ரெண்டாயிடும். நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றான். அவன் அகராதியில் நாளைக்கு என்றால் ஒருபோதும் இல்லை என்று அர்த்தம்.

கடைசியில் அவளே சொன்னாள். ஷிப்ட் முடிந்து சைக்கிள் எடுக்க வந்த கொழுந்தனை ஆலை வாசலில் நிறுத்தி, சுற்றி வளைக்காமல் சொன்னாள். அவன் முதலில் சிரித்தான்.

"என்ன அண்ணி, எலியும் நானும் ஒண்ணா?"

"விளையாட்டு இல்ல தம்பி. ஒரே ஒரு பரிசோதனைதான். நானே கூட வர்றேன். யாருக்கும் தெரிய வேணாம்."

சிரிப்பு போய்விட்டது. "எனக்கு என்ன குறை? காய்ச்சல்னு ஒரு நாள் படுத்திருக்கேனா? உங்க பாசமெல்லாம் அவ மேல. அவளைக் காப்பாத்த என்னை இப்படிக் கேவலப்படுத்துவீங்களா? அண்ணியாச்சேன்னு பாக்குறேன்." சைக்கிளை உதைத்துத் தள்ளிக்கொண்டு போனான். அதன் பிறகு பல நாள் அவள் பரிமாறினால் சாப்பிடமாட்டான்.

வீடு இப்படி இருக்க, ஆலையில் வகைப்பாடு முடிவாக வேண்டிய நாள் வந்தது. மூத்தவள் விதிப்படி எழுதியிருந்தாள்: பிள்ளைப்பேற்றுக்குக் கேடு, எல்லாவற்றிலும் கடுமையான முதல் வகை. வரி: 'ஆண்களின் கருவளத்தைக் கெடுக்கும்.' மேலாளரும் ஆலை டாக்டரும் அதைப் படித்தார்கள். மேலாளர் சாதாரணமாகக் குரலை உயர்த்தாதவர். மழை நாளில் தன் காரில் அவளை வீட்டு முனை வரை கொண்டுவிட்டிருக்கிறார்.

"வேலை சுத்தமா இருக்கும்மா. ஒரு குறை சொல்ல முடியாது" என்றார். "வெளிநாட்டுக்குப் போற டிரம்ல இப்படியே போகட்டும். அவங்க சட்டம் அப்படி. அவங்க மொழியில அடிச்சு ஒட்டிடலாம். நம்ம ஷெட்ல ஒட்டுறதுக்கு மட்டும் வார்த்தையைக் கொஞ்சம் மாத்தணும்."

"எப்படி சார்?"

"'குழந்தை பெறும் வயதுள்ள பெண்கள் இதைக் கையாளக் கூடாது.' இது போதும்."

அவளுக்குத் தான் சரியாகக் கேட்கவில்லையோ என்று தோன்றியது. "சார், பெண் எலிகளுக்கு ஒண்ணுமே ஆகல. ஆண்களுக்குத்தான்..."

"தெரியும்மா. படிச்சேன். ஆம்பளைத்தனம் போயிடும்னு எழுதி ஒட்டினா நாளைக்கு ஷெட்டுக்குள்ள எவன் கால் வைப்பான்? ஆலையை இழுத்து மூடிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போகலாமா?"

"ஆம்பளைத்தனம் போகாது சார். பிள்ளைதான் பிறக்காது."

"நம்ம ஆளுங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதானே" என்றார் டாக்டர். அதைச் சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "எச்சரிக்கைன்னு ஒண்ணு இருந்தா சரி. பெண்களைப் பாதுகாக்கிறதுல என்ன தப்பு?"

"முகமூடி கொடுக்கலாமே சார். காத்து இழுக்கிற மிஷின் வைக்கலாமே."

"கேட்டிருக்கேன். மேல முடிவு பண்ணணும்" என்ற மேலாளர் மேசை மேல் சாய்ந்து தணிந்த குரலில் சொன்னார். "யோசிச்சுப் பாருங்க. நீங்க கையெழுத்துப் போடலன்னா அந்தப் பழைய 'எரிச்சல்' வரியே இன்னும் பத்து வருஷம் ஓடும். போட்டா, பிள்ளைப்பேறுங்கிற பேச்சாவது டிரம் மேல ஏறும். எது மேல்?"

மூழ்குகிறவனுக்குத் துரும்பும் தெப்பம். அந்தத் துரும்பைத்தான் அவர் நீட்டினார். ஒன்றுமில்லாததற்கு இது மேல், படம் இருக்கும், கேட்கிறவர்களுக்கு வாயால் எடுத்துச் சொல்லலாம் என்று அவளும் நினைத்தாள். போட்டாள்.

இரண்டு வகை லேபிளும் அச்சாகி வந்தன. வெளிநாட்டு டிரம்களில் உண்மை இருந்தது, ஷெட்டில் ஒருவருக்கும் படிக்கத் தெரியாத மொழியில். அதை ஒட்டியது சின்னவன்தான். சுருக்கம் விழாமல், உள்ளங்கையால் நீவி நீவி ஒட்டினான்.

மூத்தவளுக்கு மாடியில் இருப்புக் கொள்ளவில்லை. ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில் ஷெட்டுக்கே இறங்கிப் போய், அந்த வெளிநாட்டு லேபிளைக் காட்டி, வரிக்கு வரி அர்த்தம் சொன்னாள். எல்லோரும் சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். கேட்டு முடித்ததும் மீசை முதலில் சிரித்தார்.

"மேடம், அது அந்த ஊர் ஆம்பளைங்களுக்கு. குளிர்ல வளர்ந்த உடம்பு, தாங்காது. நமக்கு ஒட்டியிருக்கிறதைப் பாருங்க. 'பெண்கள்'னு தெளிவா போட்டிருக்கு. அதையும் நீங்கதானே எழுதினீங்க?"

ஷெட்டே சிரித்தது. ஒல்லிக்காரன் மட்டும் சிரிக்கவில்லை. சாப்பாட்டுப் பாத்திரத்தைப் பாதியில் மூடிவிட்டு, குழாயடிக்குப் போய் நெடுநேரம் கை கழுவினான். சின்னவன் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மறுநாளே மேலாளரிடமிருந்து அவளுக்கு உத்தரவு வந்தது: மாடியில் வேலை பார்ப்பவர்கள் அனுமதியில்லாமல் ஷெட்டுக்குள் போகக் கூடாது.

அந்த வாரக் கடைசியில், ஷெட்டில் காலி டிரம் கழுவும் பெண்களை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். லேபிளில் இருக்கிறதே, பெண்கள் கையாளக் கூடாது என்று! தலை நரைத்த இரண்டு பேரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிட்டார்கள். அவர்களில் ஒருத்தி ஆலை வாசலில் மூத்தவளுக்காகக் காத்திருந்தாள். சண்டைக்கு வந்தவள் போலத் தெரியவில்லை. அழுது ஓய்ந்த முகம்.

"எங்க நல்லதுக்குத்தான் எழுதினீங்களாம், சொன்னாங்க. எனக்கு மூணு பிள்ளைங்கம்மா. மூணும் இந்த டிரம்மைக் கழுவிக்கிட்டே பெத்தது. எங்களை என்ன கெடுத்துச்சுன்னு எழுதினீங்க?"

அந்த மூன்று பிள்ளைகளைவிடப் பெரிய ஆதாரம் எந்த ஆய்வுக்கூடத்தில் கிடைக்கும்? அதைச் சொல்லத்தான் இனி ஆலையில் ஆளில்லை.

வேலை இழந்த பெண்கள் சும்மா இருப்பார்களா? தெருவெல்லாம் பேச்சு பரவியது. மாமியார் காதுக்கும் வந்தது. வந்த வேகத்தில் அவள் இளையவளைக் கூடத்துக்கு நடுவில் நிறுத்தினாள்.

"அவன் ஷெட் துணியை யாரு துவைக்கிறா?"

"நான்தான் அத்தை."

"வெறுங்கையாலதானே? அஞ்சு வருஷமா?" மாமியார் மார்பில் அறைந்துகொண்டாள். "பாத்தியா! பொம்பளை தொட்டா வயிறு கெட்டுடும்னு டிரம்லயே அச்சடிச்சு ஒட்டியிருக்கானாம். டாக்டருங்க என்னமோ குறையே இல்லன்னு சொன்னாங்களே! உள்ளுக்குள்ள எல்லாம் வெந்து போயிருக்கு. இதுக்கு மேல என்னடி சாட்சி வேணும்?"

"அத்தை!" என்று அலறிக்கொண்டு ஓடி வந்தாள் மூத்தவள். "அது அப்படி இல்ல. அந்தச் சரக்கு ஆம்பளைங்களைத்தான் கெடுக்கும். தம்பியை ஒரு தடவை பரிசோதனைக்கு..."

"வாயை மூடு." மாமியாருடைய குரல் மறுபடி தணிந்தது. "நீ எழுதினதுதானே அது? ஊருக்கு ஒண்ணு எழுதிட்டு வீட்டுக்கு ஒண்ணு பேசுறியா? ஓரகத்தியைக் காப்பாத்த என் பிள்ளையை அலியாக்கப் பாக்குறியா?"

சின்னவன் அறை வாசலில் நின்றிருந்தான். மூத்தவள் அவனைப் பார்த்தாள். இளையவளும் பார்த்தாள். அவன் சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான்.

அதற்குப் பிறகு அதிக நாள் ஆகவில்லை. இளையவளின் அண்ணன் வந்தான். பேச்சுவார்த்தை என்று பெயர். பேசியது மாமியார் மட்டும்தான். துணிகளைப் பெட்டியில் அடுக்கும்போது குழந்தை உள்ளே போய், "சித்தி, எங்க போறே?" என்று கேட்டது. "அம்மா வீட்டுக்கு" என்றாள் இளையவள். "எப்ப வருவே?" என்றதற்கு, "நீ நல்லா படி" என்றாள். மூத்தவள் பெட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் கையெழுத்துப் போட்டிருக்கக் கூடாதுடி. என் கையாலேயே உன்னை..."

"விடுங்கக்கா. நீங்க எழுதலன்னா வேற ஒண்ணு சொல்லி அனுப்பியிருப்பாங்க." பெட்டி மூடியை அழுத்திக்கொண்டே சொன்னாள், "அவர் ஒரு வார்த்தை சொல்வார்னு பாத்தேன். இந்த நிமிஷம் வரைக்கும் பாத்துட்டேன்."

வண்டி தெரு முனை திரும்பி மறைந்த பிறகும் மூத்தவள் வாசலிலேயே நின்றாள். எங்கேயோ போயிருந்த சின்னவன் அப்போதுதான் வந்தான். பக்கத்தில் வந்து நின்றான். வெகு நாளைக்குப் பிறகு அவளோடு பேசினான்.

"அண்ணி, நான் போய்ப் பாத்துட்டேன்."

"எதை?"

"நீங்க சொன்ன பரிசோதனையை. பக்கத்து ஊருக்குப் போய். நீங்க சொன்னதுதான். சுத்தமா இல்லைன்னுட்டாங்க."

"எப்ப?"

"ரெண்டு வாரம் ஆச்சு."

"ரெண்டு வாரமா தெரிஞ்சுக்கிட்டா அவளை அனுப்பினே? ஏன்டா வாயத் திறக்கல?"

அவன் அழுதுகொண்டிருந்தான். அவ்வளவு பெரிய உடம்பு குலுங்கியது. "திறந்துட்டு நாளைக்கு ஷெட்ல நான் எப்படி நிக்கிறது அண்ணி?"

"அவ எங்க போய் நிப்பா?"

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனான். மாமியார் சாப்பாடு போடும் சத்தம் கேட்டது.

ஷெட்டை விட்டுவிடச் சொல்லிப் பார்த்தாள். வேறு தொழில் தெரியாது என்றான். கணவனிடம் சொல்லிப் பார்த்தாள், "அவனே சொல்லாதப்ப நாம எப்படி?" என்றான் அவன். அடுத்த மாதமே மாமியார் பெண் தேட ஆரம்பித்துவிட்டாள்.

ஒரு விடுமுறை நாள் பிற்பகலில் பெண் வீட்டார் வந்தார்கள். பெண்ணும் வந்திருந்தாள். இருபது வயதுதான் இருக்கும். கைக்குட்டையைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மாமியார் முகத்தில் அன்றைக்கு வெளிச்சம். சின்னவன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். மூத்தவள் தேநீர் கொண்டுவந்து வைத்தாள்.

பேச்செல்லாம் ஓய்ந்த பிறகு பெண்ணின் தாய் தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். "தப்பா நினைக்காதீங்க. பெத்தவ, கேட்டுத்தான் ஆகணும். முதல் சம்சாரத்துக்கு என்ன குறை?"

"எல்லாம் அந்த ஆலைச் சரக்கு பண்ணின கோலம்" என்றாள் மாமியார். "பொம்பளைங்க அதைத் தொடவே கூடாது. அவ என் பேச்சைக் கேக்காம அவன் துணியைத் துவைச்சுத் துவைச்சு வயித்தைக் கெடுத்துக்கிட்டா. நான் சொன்னா நம்ப வேணாம். என் மூத்த மருமகளையே கேளுங்க. டிரம் மேல அதை எழுதினதே அவதான்." குரலில் பெருமைகூட இருந்தது.

எல்லோரும் மூத்தவளைப் பார்த்தார்கள். அவள் கையில் காலித் தட்டு இருந்தது. கணவன் கண்ணாலேயே வேண்டாம் என்றான். அவள் தட்டை மேசை மேல் வைத்தாள்.

"அவளுக்கு ஒரு குறையும் இல்ல" என்றாள்.

பெண்ணின் தாய் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அந்தச் சரக்கு பொம்பளைங்களை ஒண்ணும் செய்யாது. ஆம்பளைங்களுக்குத்தான் பிள்ளை இல்லாமப் பண்ணும். நான் எழுதினது பொய். வேலைக்குப் பயந்து எழுதினேன். தம்பி இங்கதான் இருக்கார். கேளுங்க."

சின்னவன் தேநீர்க் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான். மாமியார் எழுந்து வருவாள், அறைவாள், வீட்டைவிட்டுப் போ என்பாள் என்று மூத்தவள் காத்திருந்தாள். எதற்கும் துணிந்துதான் சொன்னாள். மாமியாருக்கு அந்தச் சிரமம் வைக்காமல் பெண்ணின் தாய் சிரித்துவிட்டாள்.

"ஓரகத்தி பாசம் விட்டுப்போகுமா? கூடவே இருந்தவளாச்சே. அவ பேர் கெட்டுப்போகக் கூடாதுன்னு இந்தப் பொண்ணு பாக்குது. நல்ல மனசு." பிறகு மாமியார் பக்கம் திரும்பினாள். "எனக்கும் அந்த ஆலை விவகாரம் தெரியும். எங்க பக்கத்து வீட்டுக்காரி அங்கதான் டிரம் கழுவினா. அச்சுல போட்டு ஒட்டினதைப் பாத்துட்டுத்தானே வேலையை விட்டு நிறுத்தினாங்க. அச்சடிச்சது பொய்யாகுமா? துணி துவைக்கிறதுக்கு மட்டும் வேற ஆள் வச்சுக்குங்க. எங்க பொண்ணு கை அதுல படக் கூடாது."

"படவே படாது. நான் துவைக்கிறேன் அவன் துணியை" என்றாள் மாமியார்.

எல்லோரும் சிரித்தார்கள். நாள் பார்க்கும் பேச்சு தொடங்கியது. கணவன் பெருமூச்சு விட்டுச் சாய்ந்து உட்கார்ந்தான்.

மூத்தவள் அடுப்படிக்குப் போனாள். யாரோ பின்னால் வந்து நிற்பது தெரிந்து திரும்பினாள். கல்யாணப் பெண். தண்ணீர் குடிக்க என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

"அக்கா, நீங்க சொன்னது நிஜமா?"

"நிஜம்மா. சத்தியமா நிஜம். அவருக்கே தெரியும். கல்யாணத்துக்கு முன்னாடி பரிசோதனை முடிவைக் காட்டச் சொல்லு. உங்க அம்மா கேக்கலன்னா நீயே கேளு."

அந்தப் பெண் அவளை விழித்துப் பார்த்தாள்.

"ஆம்பளைகிட்டயா? அதை எப்படிக்கா ஒரு பொண்ணு கேக்குறது? கேட்டா என்னைத்தானே தப்பா பேசுவாங்க?"

கூடத்திலிருந்து தாய் கூப்பிட்டாள். அந்தப் பெண் மூத்தவளின் கையை ஒரு கணம் பிடித்தாள். சட்டென்று விட்டுவிட்டாள். தண்ணீர் குடிக்காமலே, முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.